எலியே இல்லாத வீடு

ஜூன் 3, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்றால், படுக்கையறையில் துணி மடிக்கிற மேஜையைச் சுவரோடு இழுத்துப் போட்டு, லேப்டாப்பை அதன்மேல் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டேன். எம்.ஏ. தமிழ் முடித்துக் கல்யாணம், பிரசவம் எல்லாம் ஆன பிறகு கிடைத்த முதல் வேலை. ஒரு மாதம் சோதனைக் காலம். அதற்குள் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

என்ன வேலை என்று அம்மா திருச்சியிலிருந்து போனில் கேட்டாள். கம்ப்யூட்டர் தமிழில் எதைப் படித்தாலும் அதில் என்ன நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றேன்.

"அத்தனை விலை குடுத்து வாங்குற சாமானுக்கு அதுகூடத் தெரியாதா?" என்றாள்.

தெரியாதுதான். "முருகேசன் இறந்தார்" என்று எழுதியிருந்தால் இறப்பு என்று சொல்லிவிடும். "பெட்டி வந்துருச்சு, பிளக் பாயிண்ட் எங்க இருக்கு?" என்று எழுதியிருந்தால் முழிக்கும். பெட்டி என்றால் ஃப்ரீசர் பெட்டி, அது எந்த வீட்டுக்கு எதற்காக வரும் என்பது நமக்குத் தெரியும். கம்ப்யூட்டர் எந்த எழவு வீட்டுக்கும் போனதில்லை. அதனால் நாங்கள் நிகழ்வைக் குறித்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் கட்டத்தில் 'வெளியறிவு' எழுத வேண்டும். வாக்கியத்துக்குள் இல்லாத, ஆனால் ஊருக்கே தெரிந்த சமாச்சாரம். ஒரே கோப்பை இரண்டு பேர் தனித்தனியாகக் குறிப்போம். ஒத்துப்போகவில்லை என்றால் கருத்துப் பெட்டியில் பேசித் தீர்க்க வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. நான் ஏ-4.

காலையில் இட்லி சாப்பிடும்போதே வீட்டில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். இதழினிக்குப் பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் நடக்கவில்லை. டாக்டர் பொறுக்கச் சொன்னார். நான் கூகுளில் படித்ததையெல்லாம் அவர் படித்திருக்க மாட்டார். எதிர்வீட்டு ஜாஸ்மின் அக்காவின் மகன் பத்து மாதத்திலேயே நடந்து, இப்போது கேட்டில் ஏறுகிறான்.

"அவ முதல் அடி எடுத்து வைக்கிறதை நான்தான் பார்க்கணும். நான் உள்ள உட்கார்ந்து எவன் வீட்டுக் கல்யாணத்தையோ குறிச்சுக்கிட்டு இருக்கும்போது இவ நடந்துட்டான்னா, அன்னைக்கே இந்த வேலையைத் தூக்கிப் போட்டுடுவேன்."

இவர் தலையாட்டினார். இவர் என்றால் செந்தூர், என் கணவர். பைக் ஷோரூமில் சர்வீஸ் சூப்பர்வைசர். எதற்கும் முதலில் தலையாட்டிவிட்டு அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்பார்.

மாமா மட்டும், "யம்மா குழலி, பிள்ள நடக்கதுக்கு உன்கிட்ட டைம் கேட்டுட்டா நடக்கும்?" என்றார். மாமனார் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை தவறிப்போய் ஆறு வருஷமாகிறது. பகலில் பிள்ளையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

நான் சிரிக்கவில்லை.

ஜூன் 5, புதன்

இன்று நான் எழுதிய வெளியறிவு: "ஷாமியானா, நூறு நாற்காலி, கறுப்புக் காபி என்றால் இறப்பு. ஷாமியானா, நூறு நாற்காலி, ஐஸ்கிரீம் என்றால் கல்யாணம்."

கோவையிலிருந்து மேற்பார்வை பார்க்கும் ரெஜினா மேடம் 'அருமை' என்று போட்டார்கள். இரண்டு தடவை எடுத்துப் படித்தேன்.

டயப்பர் தீர்ந்துவிட்டது. இதழினி இன்றும் நடக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

வீட்டில் எலி.

காலை பதினொரு மணி இருக்கும். ஒரு பஞ்சாயத்துத் தேர்தல் தகராறைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் கீச், கீச் என்று சத்தம். கொஞ்சம் நிற்கிறது, மறுபடி கீச். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கதவைத் திறந்தால் சத்தம் இல்லை. மாமா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் இதழினி. மாமாவின் துண்டு அவள் கால்மேல் போர்த்தியிருந்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"மாமா, எலி கத்துச்சே, கேட்டீங்களா?"

"எலியா?" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமாம்மா. எலிதான். பெருசு. சோபாவுக்கு அடியில ஓடிட்டு."

"பிள்ளைக்கு ஏன் கால்ல போர்த்தியிருக்கீங்க? இந்த வெக்கையில?"

"எலி கடிச்சிரக் கூடாதுல்லா?"

எவ்வளவு அக்கறை பாருங்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எலிக்காய்ச்சல் பற்றி ஒன்றரை மணிநேரம் கூகுளில் படித்தேன். தேர்தல் தகராறு அப்படியே கிடந்தது.

ஜூன் 11, செவ்வாய்

எலிக்குப் பசை அட்டை நான்கு வாங்கினேன். சோபாவுக்குக் கீழே, டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அடுப்படி வாசலில், கட்டிலுக்கு அடியில். கடைக்காரர், "தேங்காச் சில்லு வச்சுப் பாருங்கக்கா, யானையே ஒட்டும்" என்றார்.

அடுப்படியில் கீழ்த்தட்டிலிருந்த மசாலா டப்பாக்கள் எல்லாம் மேல்தட்டுக்குப் போயிருந்தன. எலிக்காக மாமா ஏற்றி வைத்தாராம். வாசற்படிக்குக் குறுக்கே ஒரு பலகை. அதுவும் எலிக்குத்தானாம். பலகை முழங்கால் உயரம்கூட இல்லை. எலி தாண்டாதா என்று கேட்டேன். "நம்ம ஊர் எலி சோம்பேறிம்மா" என்றார்.

வீட்டில் வெல்ல வாசனை வேறு. கேட்டேன். கோயிலுக்கு என்றார். எந்தக் கோயில் என்று கேட்பதற்குள் குளிக்கப் போய்விட்டார்.

ஜூன் 13, வியாழன்

இவர் பசை அட்டையை மிதித்துவிட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்தவர், வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடாமல் டிவி பக்கம் ஓடியிருக்கிறார். ஏன் ஓடினார் என்று இந்த நிமிஷம்வரை சொல்லவில்லை. நான் வெளியே வந்தபோது ஒரு காலில் அட்டையோடு நொண்டிக்கொண்டிருந்தார். கையில் இதழினி. அவளைத் தரையில் உட்கார வைக்கப் பார்க்கிறார், அவளோ காலை உதைத்து உதைத்துக் கத்துகிறாள்.

"பிள்ளையை ஏங்க இப்படி அழுத்துறீங்க?"

"உக்கார... உக்காரப் பழக்குறேன் குழலி."

"உட்கார்றது ஆறு மாசத்துலயே பழகிட்டாளே!"

"மறந்துரக் கூடாதுல்ல?"

சீயக்காய், மண்ணெண்ணெய், கடைசியில் நல்லெண்ணெய். நல்லெண்ணெயில்தான் அட்டை விட்டது. தேங்காய்ச் சில்லு உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மாமா சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது. எலி சிக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ரெஜினா மேடத்திடமிருந்து மெயில். செய்தித்தாள் தமிழ் போதும், இனி குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் பேசுகிற தமிழ் வேண்டும், தெரிந்தவர்கள் விருப்பப்பட்டால் அனுப்பலாம், பெயரெல்லாம் நீக்கப்பட்டு 'நபர் 1', 'நபர் 2' என்று ஆகிவிடும் என்று இருந்தது. அவரவர் வீட்டுக் கோப்பு அவரவருக்கு வராது என்றும் இருந்தது.

சாப்பிடும்போது சொன்னேன். மாமாவுக்கு ரொம்ப ஆர்வம்.

"அப்பம் நான் பேசுனத வச்சு கம்ப்யூட்டர் படிக்குமா? எனக்கும் செல்விக்கும் நடந்த பேச்சுதான் ஏகப்பட்டது கெடக்கே!"

செல்வி மதினி இவருடைய அக்கா, சங்கரன்கோவிலில் இருக்கிறார். மதினியே அவர் போனிலிருந்து அனுப்பிவிடுவார் என்றார் மாமா. இவர் மேஜைக்கு அடியில் மாமாவின் காலை மிதித்தார். மாமா, "என்னல மிதிக்க? அதான் பேரை எடுத்துருவாங்கன்னு சொல்லுதால்லா" என்றார்.

அப்பாவும் பிள்ளையும் எதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை.

ஜூன் 21, வெள்ளி

இன்று கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் ஒரு கோப்பு வந்தது. இரண்டு பேர் மூன்று நான்கு நாளாகப் பேசிக்கொண்டது. வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. நாட்குறிப்பு வெளியா உள்ளேயா என்று விதியில் இல்லை.

நபர் 1: காரியம் ஆயிட்டு. அவளுக்குத் தெரியாது.
நபர் 2: ஐயோ! எப்ப?
நபர் 1: காலையில. அவ கதவ அடச்சுக்கிட்டு உள்ள இருந்தா.
நபர் 2: சொல்லிராதீங்க. தெரிஞ்சா எல்லாத்தையும் விட்டுட்டு அழுதுக்கிட்டு உக்காந்துருவா.
நபர் 1: இவனும் அதான் சொல்லுதான். அவ வெளிய வார சத்தம் கேட்டா டக்குனு உக்கார வச்சிருதோம்.
நபர் 2: பச்சரிசி ஊறப் போடுங்க. வாசனை வந்து கேட்டா கோயிலுக்குன்னு சொல்லுங்க.
நபர் 1: கால்ல போட்டது ரொம்ப சத்தம். அவ எலின்னு நெனச்சுப் பசை அட்டை வாங்கி வச்சிருக்கா. இவன் மிதிச்சுட்டான்.
நபர் 2: நான் தட்டார்கிட்ட அளவு குடுத்துட்டேன். நான் வார வரைக்கும் அவளுக்குத் தெரியவே கூடாது.

படித்து முடித்ததும் தண்ணீர் குடித்தேன். யாரோ ஒரு பாவப்பட்ட பெண்! பேசுவது அவள் மாமனாரும் நாத்தனாருமாகத்தான் இருக்கும். அறைக்குள் அடைந்து கிடக்கிறாள். வெளியே வந்தால் உட்கார வைத்துவிடுகிறார்கள். காலில் எதையோ போட்டிருக்கிறார்கள், சத்தம் கேட்கிறது என்றால் அது சங்கிலியாகத்தான் இருக்க வேண்டும். தட்டாரிடம் கொடுத்த அளவு எதன் அளவு? அவள் நகையை உருக்கி விற்கப்போகிறார்கள். பச்சரிசி ஊறப் போட்டு அதில் எதைக் கலப்பார்களோ தெரியவில்லை.

அந்த வீட்டிலும் எலி இருப்பது ஆச்சரியம். இந்தப் பருவத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும்போல. அந்த வீட்டு ஆணும் இவரைப் போலவே அட்டையை மிதித்திருக்கிறான். ஆண்கள் எந்த ஊரானாலும் கீழே பார்த்து நடப்பதே இல்லை.

'சிறைவைப்பு', 'ஏமாற்று', 'நகை அபகரிப்பு' என்று மூன்று நிகழ்வு குறித்தேன். பெண்கள் உதவி எண்ணுக்குச் சொல்லலாமா என்று ரெஜினா மேடத்துக்கு மெயில் போட்டேன். "முதலில் இன்னொருவர் குறிப்பதைப் பார்ப்போம்" என்று பதில் வந்தது. கல்நெஞ்சம்!

ஜூன் 22, சனி

மனசு கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் ஊர் பேர் சொல்லாமல் பொதுவாகச் சொன்னேன்.

"ஒரு வீட்டுல மருமகளை அடைச்சு வச்சு, எல்லாரும் சேர்ந்து ஏமாத்துறாங்க மாமா. மாமனார்தான் தலைவன்னு நினைக்கிறேன். பேச்சிலேயே தெரியுது, சரியான கள்ளன்."

மாமாவுக்குப் புரை ஏறியது. இவர் எழுந்து அவர் தலையில் தட்டினார். தேவைக்கு அதிகமாகவே தட்டினார்.

"அப்படியெல்லாம் இருக்காதும்மா," என்றார் மாமா, கண்ணில் நீரோடு. "அந்தாளு நல்ல மனுசனாக்கூட இருக்கலாம்லா?"

"நல்ல மனுஷனா? மகளோட சேர்ந்துக்கிட்டு சதி பண்றவனா?"

"அந்தப் பிள்ள மனசு நோகக் கூடாதுன்னு செஞ்சிருக்கலாம்."

"நீங்க ரொம்ப வெள்ளந்தி மாமா. உலகம் தெரியல உங்களுக்கு. அந்த மகன் இருக்கானே, அவன் மகா கோழை."

இவர் ரசத்தை மோர் என்று நினைத்துக் குடித்துவிட்டார்.

மாமா அதற்கப்புறம் சாப்பிடவில்லை. பாவம், அடுத்த வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டாலே தாங்கமாட்டார். இப்படி ஒரு குடும்பம் எனக்குக் கிடைத்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ!

ஜூன் 24, திங்கள்

அந்தக் கோப்பு திரும்பி வந்துவிட்டது. இரண்டாவதாகக் குறித்தவர் ஏ-7. என்னுடைய மூன்றையும் ஏற்கவில்லை. ஒரே ஒரு நிகழ்வு போட்டிருந்தார்.

'குழந்தை முதன்முதலாக நடந்தது. உறுதி.'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பெண் சங்கிலியில் கிடக்கிறாள், இவருக்குக் குழந்தை நடக்கிறதாம். கருத்துப் பெட்டியில் எழுதினேன்: "கோப்பில் குழந்தை என்ற சொல்லே இல்லை."

உடனே பதில். ஆள் ஆன்லைனில்தான் இருந்திருக்கிறார்.

ஏ-7: "மாத ஆரம்பத்தில் ஐஸ்கிரீமை வைத்துக் கல்யாணம் குறித்தீர்களே, அதில் மாப்பிள்ளை என்ற சொல் இருந்ததா?"

"பச்சரிசி எதற்கு?"

ஏ-7: "எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் பிள்ளை நடந்தால் வெல்லக் கொழுக்கட்டை பிடித்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?"

திருச்சிப் பக்கம், எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது என்று எழுதினேன். ஊர் சொல்லக் கூடாது என்பது அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"சரி, தட்டார்?"

ஏ-7: "அத்தை போடுகிற வெள்ளித் தண்டை. நடந்த பிறகுதான் அளவு கொடுப்பார்கள்."

"யாரை உட்கார வைக்கிறார்கள்?"

ஏ-7: "குழந்தையை. அம்மா வெளியே வரும்போது அது நடந்துகொண்டிருக்கக் கூடாதே. அம்மா வேலைக்குப் போகிறவள், வீட்டிலிருந்தே பார்க்கிறாள். முதல் அடியைத் தவறவிட்டோம் என்று தெரிந்தால் உடைந்துபோவாள். அதனால் எல்லோருமாக ஒளித்து வைக்கிறார்கள். நாங்களும் என் மனைவிக்கு இதையே செய்தோம். மூன்று நாள் தாக்குப்பிடித்தோம். இவர்கள் கெட்டிக்காரர்கள்."

"காலில் போட்டது?"

ஏ-7: "கீச்சுச் செருப்பு, மேடம். மிதித்தால் கத்தும். என் பையனுக்கும் இருந்தது. தெருவே எங்களை வெறுத்தது."

 கடைசியாக ஒன்று கேட்டேன்.

"அப்படியென்றால் எலி?"

ஏ-7: "எலியே இல்லை, மேடம்."

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கீச், கீச், கீச் என்று கேட்டது. சோபாவிலிருந்து டிவிவரை. கொஞ்சம் நின்றது. மறுபடி டிவியிலிருந்து சோபாவரை.

"இந்தக் குழந்தை நடக்கவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும்" என்று எழுதினேன்.

ஏ-7: "உரையில் இல்லாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அதன் அம்மா."

 பிறகு 'எழுதுகிறார்' என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

ஏ-7: "வாழ்த்துகள், மேடம். உண்மையில் வருத்தப்படுகிறேன். நான் 'உறுதி' என்று போட்டிருக்கக் கூடாது."

ஜூன் 25, செவ்வாய்

நேற்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. தலைவலி என்றேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தைலம் கொண்டுவந்தார்கள். கள்ளன்கள்!

இரண்டு வாரமாக நடக்கிறாள். என் பிள்ளை. நான் எட்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரில் நடந்ததையெல்லாம் குறித்திருக்கிறேன். ராஜினாமா மெயில் எழுதினேன். 'மதிப்பிற்குரிய ரெஜினா மேடம்' என்பதற்குமேல் ஓடவில்லை. அழுகை வந்தது. அழுது முடித்ததும் எரிச்சல் வந்தது. எரிச்சலில் அந்தக் கோப்பை மறுபடி படித்தேன். இந்தத் தடவை ஆட்கள் யாரென்று தெரிந்து படித்தேன்.

'எல்லாத்தையும் விட்டுட்டு அழுதுக்கிட்டு உக்காந்துருவா.' இதைச் சொன்னது செல்வி மதினி. கல்யாணத்தன்று என் சேலை மடிப்பு சரியில்லை என்று சபையில் சொன்ன அதே மதினி. முதல் தடவை நான் பார்க்காமல் விட்ட பகுதி ஒன்று கீழே இருந்தது.

நபர் 1: அவளுக்கு இந்த வேலை ரொம்பப் புடிச்சிருக்கு. காலையில தலை சீவிப் பொட்டு வச்சுக்கிட்டு உள்ள போறா, கம்ப்யூட்டர்ல யாரு பாக்கப் போறா? கண்டக்டர் வேலைக்கு முத நாள் நான் போனது மாதிரியே இருக்கு. இதுனால அத விட்டுறக் கூடாது.

ராஜினாமா மெயிலை அழித்தேன்.

ஜூன் 26, புதன்

இன்று நான் செய்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்தரை மணிக்குக் கொலுசைக் கழற்றினேன். நாற்காலியைத் தள்ளாமல், தூக்கி வைத்து எழுந்தேன். கதவை விரல் நுழைகிற அளவுக்குத் திறந்து பார்த்தேன்.

மாமா குனிந்தபடியே பின்னால் நடந்துகொண்டிருந்தார். "வா... வா... ரைட்ல ஒடிச்சு வா. முன்னால வண்டி நிக்கு, பாத்து. ரைட், ரைட். போலாம்." எதிரே இதழினி. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, தொப்பையை முன்னால் தள்ளிக்கொண்டு, சாராயக்கடையிலிருந்து வருகிறவளைப் போல வந்தாள். டிவி ஸ்டாண்டைப் பிடித்தாள். விட்டாள். தானாகத் திரும்பினாள். எங்கே போகலாம் என்று யோசித்தாள். அந்த யோசனைதான் என்னை என்னவோ செய்துவிட்டது. அதுவரை அவள் எங்கேயும் போக வேண்டுமென்று நினைத்தே நான் பார்த்ததில்லை.

பார்த்துவிட்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

கதவைச் சாத்தினேன். கண்ணைத் துடைத்தேன். கொலுசை மாட்டினேன். நாற்காலியை வேண்டுமென்றே தரையில் இழுத்தேன், இருமினேன், "அப்பாடா!" என்று சத்தமாகச் சொன்னேன், கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை ஆட்டினேன். இதைவிட அவகாசம் ஒரு மனுஷி கொடுக்க முடியாது.

வெளியே வந்தேன். இதழினி தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். மாமா பேப்பரைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார். இன்று வார விடுமுறை என்பதால் இவரும் வீட்டில் இருந்தார். ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதழினிக்கு எங்கள் மூன்று பேருடைய நடிப்பும் பிடிக்கவில்லை. ஒரு கத்து கத்தினாள். இரண்டு கையையும் ஊன்றி, பின்பக்கத்தை மேலே தூக்கி எழுந்து நின்றாள். நேராக என்னிடம் வந்தாள். கீச், கீச், கீச், கீச். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார்கள்.

"குழலி! ஏ குழலி! நடக்கா! நடக்கா பாரு! இப்பதான்! இதான் மொதத் தடவ! இதுக்கு முன்னாடி நடக்கவே இல்ல!" இவர் கத்திய கத்தில் ஜாஸ்மின் அக்கா ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

"அய்யோ!" என்று நானும் கத்தினேன். "நடக்கிறாளே! என் தங்கமே! மாமா, பாருங்க மாமா!" கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ என்று இப்போது தோன்றுகிறது. அவள் என் முட்டியைப் பிடித்துக்கொண்டதும் வந்த அழுகை மட்டும் நடிப்பில்லை.

இவர் உடனே சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டு, "அக்கா, இப்பதான் நடந்தா! குழலிதான் மொதல்ல பாத்தா!" என்றார். மதினி அந்தப் பக்கம், "அப்படியா! அப்ப நான் தண்டைக்கு அளவு குடுக்கணுமே!" என்றார். மதினி சீரியலில் நடிக்கப் போயிருக்கலாம்.

சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது மாமா வந்து நின்றார். கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார்.

"எப்பம்மா தெரிஞ்சுது?"

"எது மாமா?"

"பிள்ள கொட்டாவி விட்டாலே நாலு போட்டோ புடிப்ப. இன்னைக்கு மொத அடி வைக்கா, நீ போனைத் தேடவே இல்லையே?"

நான் ஒரு சட்டையை எடுத்து மடித்தேன். எந்த உரையிலும் இல்லாத வெளியறிவு.

"வேலைய விட்டுருவியா?"

"ஏன் விடணும்? நான்தானே முதல்ல பார்த்தேன்?"

மாமா கிளிப்பை டப்பாவில் போட்டார். 

"மாமா, உங்க பிள்ளைகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க."

"சே, சொல்லுவனா? பாவம், என்னமா நடிச்சான்!"

ஜூன் 28, வெள்ளி

கோப்பு தீர்ந்தது. நிகழ்வு: குழந்தை முதன்முதலாக நடந்தது. ஏ-7 குறித்ததையே ஒப்புக்கொண்டேன். வெளியறிவுக் கட்டத்தை என்னையே எழுதச் சொன்னார் ரெஜினா மேடம். பச்சரிசி, தண்டை, கீச்சுச் செருப்பு எல்லாம் எழுதினேன். கடைசியில் இதையும் சேர்த்தேன்: "ஒரு வீட்டில் எல்லோரும் ஒருத்தியிடம் ஒன்றை மறைத்தால், அது எப்போதும் சதி அல்ல."

'இது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வரியை எடுத்துவிட்டேன். சோதனைக் காலம் முடிந்தது, வேலை நிரந்தரம் என்று அடுத்த மெயில். லேப்டாப்பை ஹாலுக்கு மாற்றிவிட்டேன். துணி மடிக்கத்தான் இப்போது இடமில்லை.

ஜூலை 4, வியாழன்

மாமா ஓய்வூதியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். நானும் இதழினியும் மட்டும்தான் வீட்டில். வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆணியில் மாமாவின் பழைய காக்கிச் சட்டை தொங்கியது. அவள் அதையே பார்த்தாள். பிறகு விரலை நீட்டி, ரொம்பத் தெளிவாக, அவசரமே இல்லாமல் சொன்னாள்.

"தாத்தா."

என் காதை நம்பவில்லை. "என்னடி சொன்ன?" என்றேன். மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை பாட்டாகவே பாடினாள். அதுவரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அம்மா என்றுகூடச் சொன்னதில்லை. அதற்காகக் கொஞ்சம் வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

போனைத் தேடினேன். படம் எடுக்க அல்ல. இவருக்குப் போட்டேன்.

"என்னங்க, தாத்தான்னு சொல்லிட்டா!"

மறுமுனையில் பைக்குகள் உறுமின. "ஐயோ! அப்பா அங்க இருக்காரா?"

"இல்ல. கூட்டத்துக்குப் போயிருக்கார்."

"சொல்லிராத! அவரே கேக்கட்டும். மதியம் வரைக்கும் அவ வாய அடச்சு வை."

பன்னிரண்டரைக்கு வாசலில் செருப்புச் சத்தம். இதழினி திரும்பி வாயைத் திறந்தாள். நான் பாதி வாழைப்பழத்தை உள்ளே தள்ளினேன். மாமா உள்ளே வந்து குடையைச் சாய்த்து வைத்தார், முகம் கழுவினார், துண்டால் துடைத்தார், தண்ணீர் குடித்தார், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு நேரமும் அவள் கன்னம் இரண்டும் உப்பலாக மென்றுகொண்டே இருந்தாள்.

"என்னம்மா, பிள்ள சேட்ட பண்ணுனாளா? என்ன விசேஷம் இன்னைக்கு?"

"ஒண்ணுமில்லையே மாமா," என்றேன். "நீங்க கொஞ்சம் இவளைத் தூக்கிக்கங்க. நான் அடுப்பைப் பார்த்துட்டு வர்றேன்."

அடுப்பில் ஒன்றும் இல்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, அவள் அந்தப் பழத்தை விழுங்குவதற்காகக் காத்திருந்தேன்.